14 நாளில் நான்கு அமர்வு: ஷிஃப்டில் வேலை பார்க்கும் ஒரு சிறுகதை எழுத்தாளர் குறித்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருபவர் தனியொருவர் அல்லர். சிங்கப்பூரில் முழுநேர வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு தமிழில் கதை எழுதும் பலரிடம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கும் சிக்கல்களை ஓர் ஆளின் நிலையாகக் கோத்திருக்கிறோம். அவரைப் பற்றிய எண்கள் மாதிரிக் கணக்கு. சட்டம், அச்சு, ஆண்டு பற்றிய விவரங்கள் உள்ளபடி.

நிலைமை

வயது 43. உட்லண்ட்ஸ் பக்கம் கணினிச் சில்லுக்கான வேஃபர் ஆலை ஒன்றில் டெக்னீஷியன், 12 மணி நேர ஷிஃப்ட். வீட்டில் கணவர், தொடக்கநிலை 6 படிக்கும் மகள், மாமியார். முதல் சிறுகதைத் தொகுப்பு வந்து இரண்டு ஆண்டாகிறது. 12 கதை, 128 பக்கம், 300 பிரதி, சென்னையில் அச்சு. வெளியீட்டு விழாவில் 120 பிரதி போனது. உறையில் பணம் வைத்துக் கொடுத்து வாங்கியவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்களும் கூட வேலை பார்ப்பவர்களும். அன்பளிப்பாகப் போனது 40. மீதி 140 பிரதி வீட்டு பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டோடு சேர்த்துக் கட்டிய பாதுகாப்பு அறைக்குள், அட்டைப்பெட்டியோடு தரையில் கிடக்கிறது. மதிப்புரை ஒன்றும் வரவில்லை. பரிசுக்கான குறும்பட்டியலிலும் பெயர் இல்லை. அதற்குப் பிறகு தொடங்கிய ஆறு கதையும் பாதியில் நிற்கின்றன.

அவர் சொல்லும் காரணம், "எழுத மனசே வரலை." எழுத்து சம்பந்தமாகச் செய்வதையெல்லாம் இரண்டு வாரத்துக்கு நேரத்தோடு குறித்துவைக்கச் சொன்னபோது வேறு படம் கிடைத்தது. 14 நாளில் எழுத்துக்காகச் செலவானது 9 மணி நேரம். கதைக் கோப்பு திறந்திருந்தது அதில் 80 நிமிடம்தான். மற்றதெல்லாம் பிறர் புத்தக வெளியீட்டுப் படங்கள், பழைய போட்டி முடிவுகள், வாட்ஸ்அப் குழுவில் ஒரு நடுவரைப் பற்றிய சண்டை, மதிப்புரை கேட்டு ஒருவருக்கு எழுதி அனுப்பாமலே வைத்திருக்கும் கடிதத்தைத் திருத்துவது என்று போயிருக்கிறது. மனசு வராமல் இல்லை. அது வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

எல்லைக்கோடு எங்கே தப்பாக விழுந்தது

கையில் உள்ளது ஒரு பக்கம், கையில் இல்லாதது ஒரு பக்கம் என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்வது எல்லாரும் தரும் யோசனை. இவரும் எழுதினார். "நல்ல கதை எழுதுவது" முதல் பத்தியில் வந்தது. "பரிசு" இரண்டாம் பத்தியில் போனது. இரண்டும் இடம் மாறிக் கிடக்கின்றன. ஒரு கதை நன்றாக வருமா என்பது எழுதி முடிக்கும்வரை எழுதுபவருக்கே தெரியாது; அதை உறுதிமொழியாக வைத்தால் ஒவ்வொரு அமர்வும் தோல்வியில்தான் முடியும். பரிசு கிடைப்பது நடுவர் கையில் என்பது சரி. ஆனால் அந்தச் சொல்லுக்குள் விதியைப் படிப்பது, சொல் எல்லைக்குள் முடிப்பது, பிரதியில் பெயர் வரக்கூடாது என்றால் கோப்பின் பண்புப் பகுதியிலிருந்தும் எடுப்பது, கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புவது என்று நான்கைந்து வேலை ஒளிந்திருக்கிறது. அவை முழுக்க அவருடையவை. முந்தைய ஆண்டு ஒரு போட்டியில் இவருடைய கதை தள்ளப்பட்டதற்குக் காரணம் தரம் இல்லை. அதே கதையை அவர் முகநூலில் போட்டிருந்தார். வெளியாகாத படைப்பு என்று கேட்கும் போட்டிகள் பலவற்றுக்கு முகநூல் பதிவும் வெளியீடுதான்.

அதனால் பத்தி பிரிப்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு இலக்கையும் வினைச்சொல்லில் சோதிக்கச் சொன்னோம். மூன்று கேள்வி: செய்பவர் நான்தானா? நாளை மாலைக்குள் செய்து முடிக்க முடியுமா? வேறு யாருடைய சம்மதமாவது வேண்டுமா? "தொகுப்பை நல்ல பதிப்பகத்தில் கொண்டுவருவது" மூன்றிலும் தோற்கும். "மூன்று பதிப்பகங்களின் விதியைப் படித்து, முதல் கதையை அவர்கள் கேட்கும் வடிவத்தில் தயார்செய்வது" மூன்றிலும் தேறும். மூன்றாம் கேள்வியில் மட்டும் தோற்பவை உண்டு. குடும்பம், பதிப்பாளர், அச்சகம் எல்லாம் அந்த ரகம். அங்கே அவர் கையில் இருப்பது கேட்பது மட்டும். அதையும் எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறார் என்பதில்தான் பலன். "எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க" என்று இரண்டு ஆண்டாக வீட்டில் சொல்லி ஒன்றும் நடக்கவில்லை. "வியாழன் காலை 10லிருந்து 11.30 வரைக்கும் நான் லைப்ரரியில இருப்பேன், அத்தை. சமையலை முடிச்சு வச்சிட்டுப் போறேன். போன் அடிச்சா எடுக்க மாட்டேன்" என்று சொன்னதும் நடந்தது.

நேரம்

தினமும் 500 சொல் என்பது இவருடைய பழைய சபதம். இவருக்கு அது ஆகவே ஆகாது. ஷிஃப்ட் 2-2-3 சுற்றில் ஓடுகிறது: இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, இரண்டு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு. 14 நாளில் 7 நாள் ஆலையில். போக வர நேரத்தையும் சேர்த்தால் அந்த ஏழு நாளும் எழுத்துக்கு இல்லை. தினசரிக் கணக்கு வைத்தால் பாதி நாள் தோற்பதற்கென்றே திட்டம் போட்ட மாதிரி.

ஓய்வு நாளிலும் முதல் நாளை விட்டுவிட வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாளில் எழுதிய பக்கங்களைப் பார்த்தால் ஒரே தகவல் இரண்டு பத்தியில் வந்திருக்கும், பாத்திரத்தின் பெயர்கூட மாறியிருக்கும். அப்படிக் கழித்தால் மூன்று ஓய்வுத் தொகுதியிலும் சேர்த்து நான்கு நாள் மிஞ்சுகிறது. நாளுக்கு 90 நிமிடம் வீதம் 6 மணி நேரம். கையால் முதல் படி எழுதும்போது இவருக்கு மணிக்கு 300 சொல் வருகிறது. ஆக 1,800 சொல் கதை ஒன்றின் முதல் படி ஒரு சுற்றில் முடியும், அடுத்த சுற்று திருத்தத்துக்கு. மாதத்துக்கு ஒரு கதை. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஓர் அமர்வு போய்விடும். போன அமர்வை அடுத்த வாரம் ஈடுகட்ட முயலக் கூடாது என்பதே இங்கே முக்கியமான விதி. கடன் சேர்ந்தால் மூன்றாம் வாரம் கோப்பையே திறக்க மாட்டார்கள்.

ஓர் அமர்வு வெற்றியா இல்லையா என்பதற்கு ஒரே அளவுகோல், 90 நிமிடம் உட்கார்ந்தாரா என்பது. சொல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம், மதிப்பெண் போடக் கூடாது.

பிரதியைச் சரிபார்ப்பது

எழுத்துவாழ்வில் முழுக்க முழுக்க எழுதுபவர் கையில் இருக்கும் பகுதி இது. பலரும் இதைத்தான் பிறர் தலையில் கட்டுகிறார்கள். ஒரே வாசிப்பில் எல்லாப் பிழையையும் பிடிக்கலாம் என்று நினைப்பது முதல் தவறு. கண் கதையைத் தொடர்ந்து ஓடிவிடும். மூன்று தனி வாசிப்பு வேண்டும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி.

முதல் வாசிப்பு எழுத்துக்கு: ர-ற, ல-ள-ழ, ந-ன-ண, ஒற்று மிகும் இடங்கள். கடைசிப் பத்தியிலிருந்து பின்னோக்கிப் படித்தால் கதை இழுக்காது. இரண்டாவது காதுக்கு: உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படிப்பது. தஞ்சாவூரிலிருந்து வந்த மாமியாரும் இங்கேயே பிறந்து வளர்ந்த மருமகளும் ஒரே தமிழ் பேசினால் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது தகவலுக்கு. சிங்கப்பூரில் நிகழும் கதைகளில் கால முரண் எளிதில் நுழையும், ஏனென்றால் ஊர் அவ்வளவு வேகமாக மாறியிருக்கிறது. இவருடைய முதல் தொகுப்பில் 1995இல் நடக்கும் கதையொன்றில் நாயகி லிட்டில் இந்தியா எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையத்தில் இறங்கித் தேக்கா சந்தைக்குப் போகிறாள். எம்ஆர்டி ஓடத் தொடங்கியது 1987 நவம்பர் 7. லிட்டில் இந்தியா நிலையம் வடகிழக்குப் பாதையோடு 2003இல்தான் வந்தது. 1995இல் உட்லண்ட்ஸுக்கே நிலையம் இல்லை, அது 1996 பிப்ரவரியில் திறந்தது. அதே போல 2012இல் தஞ்சோங் பகாரில் யாரையும் ஜொகூர் ரயிலில் ஏற்றிவிட முடியாது. அந்த நிலையத்திலிருந்து ரயில் போவது 2011 ஜூன் 30ஓடு நின்றது. இந்த ஊரில் வளர்ந்த வாசகர் இப்படி ஒரு வரியில் தடுக்கிவிட்டால் அடுத்த பக்கத்து அழுகையை நம்ப மாட்டார். சோதிக்கப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய நாளிதழ்கள், தமிழ் முரசு உட்பட, தேடக் கிடைக்கின்றன. கதையில் வரும் ஒவ்வோர் இடப்பெயருக்கும் ஆண்டுக்கும் பக்கத்தில் ஒரு டிக் விழும்வரை பிரதி வெளியே போகக் கூடாது.

சொல் எல்லை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. "போய்க்கொண்டிருந்தாள்" என்பது கணினிக் கணக்கில் ஒரு சொல், "போய்க் கொண்டு இருந்தாள்" மூன்று. சேர்த்து எழுதுபவரும் பிரித்து எழுதுபவரும் ஒரே நீளக் கதைக்கு வேறு வேறு எண்ணிக்கை காட்டுவார்கள். எல்லைக்கு ஒட்டி நிற்கும் கதை என்றால் எந்த முறையில் எழுதுகிறோம் என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அச்சகத்தோடு

முதல் தொகுப்பில் 30க்கும் மேற்பட்ட இடங்களில் எழுத்து உடைந்திருந்தது. இவர் அதை விதி என்று விட்டுவிட்டார். அச்சகத்தில் கிடைத்த பதில்: "மேடம், எங்க ஃபாண்ட்ல இப்படித்தான் வரும்." அந்த வாக்கியத்தோடு பேச்சு முடிந்துபோனது. முடிந்திருக்க வேண்டியதில்லை.

காரணம் தெரிந்தால் கேட்கத் தெரியும். எழுத்தாளர் தருவது யூனிகோடு கோப்பு. சில அச்சகங்கள் அதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றிப் பக்கம் கட்டும். அந்த மாற்றத்தில்தான் கிரந்த எழுத்தும் கூட்டெழுத்தும் உடைகின்றன. யூனிகோடிலேயே, பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் கட்டினாலும், வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். மூன்றாவது வகைப் பிழை எழுத்தாளரிடமிருந்தே போவது: "கௌரி" என்று அடிக்க வேண்டியதைக் "கெளரி" என்று ககரம், கொம்பு, ளகரமாக அடிப்பது. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரியும். அச்சில் இடைவெளி காட்டிக்கொடுக்கும். இவருடைய நாயகி பெயரே கௌரி. கோப்பில் தேடிப் பார்த்தால் பாதி இடம்தான் அகப்பட்டது, மீதி ளகரத்தோடு கிடந்தது.

இரண்டாம் தொகுப்புக்கு நடைமுறையை மாற்றினோம். முழுக் கோப்பை அனுப்பும் முன் ஒரே ஒரு சோதனைப் பக்கம் போகும். அதில் ஸ்ரீ, க்ஷ, ஜூ, கொ, கோ, கௌ, ணை, லை, ஃப, ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், மூன்று புள்ளி எல்லாம் வரும்படி பத்து வரி. எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகத் திரும்பி வர வேண்டும். அது சரியாக வராத அச்சகத்துக்கு மேற்கொண்டு பிரதி போகாது. பக்கம் கட்டி வந்தபின் அதைத் தாளில் அசல் அளவில் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியையும் கடைசி வரியையும் மூலக் கோப்போடு ஒப்பிட வேண்டும். வரி காணாமல் போவது பெரும்பாலும் பக்கத் திருப்பத்தில்தான்.

பாரக் கணக்கையும் எழுத்தாளர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கத் தொகுதிதான் பாரம். டெமி என்ற புத்தக அளவில், 11 புள்ளி எழுத்தில், பக்கத்துக்குச் சுமார் 190 சொல் நிற்கும். 1,800 சொல் வீதம் 12 கதை 21,600 சொல். அதற்கு 114 பக்கம். முகப்புப் பக்கங்கள், பொருளடக்கம், முன்னுரையோடு 128. பாரத்துக்கு 16 பக்கம் என்றால் சரியாக எட்டுப் பாரம். 131 பக்கம் ஆகிவிட்டால் மூன்று பக்கத்துக்காக ஒன்பதாவது பாரத்துக்குப் பணம் கட்ட வேண்டும், 13 பக்கம் வெறுமையாக நிற்கும். எந்தக் கதையில் 600 சொல் குறைக்கலாம் என்ற கேள்வி அப்போது வருகிறது. அது கலைக்கு இழுக்கு என்று கோபப்படுபவர்கள் உண்டு. குறைத்தபின் கதை கெட்டுப்போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எழுத்தாளரே பதிப்பாளர் என்றால் இன்னும் இரண்டு வேலை. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு அச்சுக்கு முன்பே தேசிய நூலக வாரியத்திடம் விண்ணப்பிப்பது. சிங்கப்பூர் எண்கள் 978-981 என்று தொடங்கும். புத்தகம் வெளியான நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியை வாரியத்திடம் ஒப்படைப்பது. சிங்கப்பூரில் பதிப்பிக்கும் நூல்களுக்கு இது சட்டம். விற்பனை எப்படிப் போனாலும் அந்த இரண்டு பிரதி நிலைக்கும். இவர் முதல் தொகுப்புக்கு இதைச் செய்யவே இல்லை. தாமதமானாலும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம்.

வேறு பதிப்பகம் என்றால் கையெழுத்திடும் முன் நான்கு இடத்தைப் படித்தால் போதும்: உரிமை எத்தனை ஆண்டுக்கு, மின்னூல் யாருக்கு, மொழிபெயர்ப்பு யாருக்கு, ஆசிரியர் பிரதி எத்தனை. 2021 நவம்பர் 21இல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பைப் பயன்படுத்தும்போது படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அதைத் தாண்டி எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வாசகர்

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவதாகச் சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. 2010இல் 3.3 ஆக இருந்தது. ஆள் கணக்கில் ஒரு லட்சத்தை ஒட்டி வரும். அதில் சிறுகதைத் தொகுப்பு வாங்குபவர் எத்தனை பேர் என்பதை 300 பிரதியே சொல்லிவிடுகிறது. வேலை அனுமதியில் இருக்கும் தமிழர்கள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். அவர்களில் நல்ல வாசகர்கள் உண்டு, அவர்களை நினைத்து விலை வைப்பவர்கள்தான் குறைவு. சந்தையின் அளவு எழுதுபவர் கையில் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பது கையில் இருக்கிறது. புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), மசேநிதி (மத்திய சேம நிதி), கோப்பிக்கடை எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டு வாசகரை எண்ணி அடிக்குறிப்பு போடுவதா என்று ஒவ்வொரு கதையிலும் தடுமாறிக்கொண்டிருந்தார். அடிக்குறிப்பு வேண்டாம், சூழலிலேயே பொருள் விளங்க வேண்டும் என்று ஒரே முடிவு எடுத்தபின் திருத்த வேலை பாதியாகக் குறைந்தது.

கருத்துக் கேட்கும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு அக்கா" என்றுதான் வரும். மூன்று பேர் போதும்: எழுதாத வாசகர் ஒருவர், இங்கே வளர்ந்தவர் ஒருவர், சிங்கப்பூரைப் பார்த்திராத ஒருவர். தாளில் அச்செடுத்துப் பென்சிலோடு கொடுக்க வேண்டும். கவனம் விலகிய இடத்தில் ஒரு கோடு, திரும்பப் படிக்க நேர்ந்த வரியில் ஒரு சுழி, முடிவை முன்பே ஊகித்த இடத்தில் ஒரு நட்சத்திரம். கருத்தே எழுத வேண்டாம். மூன்றில் இரண்டு தாளில் ஒரே இடத்தில் குறி விழுந்தால் அங்கே திருத்துவது, ஒருவர் மட்டும் போட்டதை எழுத்தாளர் விருப்பத்துக்கு விடுவது. சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் போன்ற கூட்டங்களில் கிடைக்கும் கருத்து வேறு ரகம்: அங்கே பேசுபவர் மற்றவர்கள் முன்னால் பேசுகிறார். அதைக் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்ப்பது நல்லது.

புத்தக வெளியீட்டு விழாவுக்கு நாள் குறிப்பது பற்றிச் சுருக்கமாக. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நவம்பரை ஒட்டிச் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. இரண்டிலும் ஒரே வாசகர் கூட்டம் பல அரங்குகளுக்குப் பிரிகிறது. பிப்ரவரியோ ஜூலையோ பார்த்து வைத்தால் வருபவர் எண்ணிக்கை கூடாவிட்டாலும், வந்தவர் பாதியில் எழுந்து இன்னொரு விழாவுக்கு ஓட மாட்டார். தங்கமுனை விருது, சிங்கப்பூர் இலக்கியப் பரிசு இரண்டுக்கும் விதியைப் படிக்க ஒரு மாலை, அனுப்ப ஒரு மாலை. அனுப்பிய நாளையும் முடிவு வரும் மாதத்தையும் நாட்காட்டியில் குறித்துவிட்டால் நடுவில் அதைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

முறை எங்கே பிசகியது

நான்காம் மாதம் ஒரு சிக்கல் வந்தது. கையில் இருப்பதை மட்டும் பார்க்க வேண்டும் என்பதைப் பிடித்துக்கொண்டு இவர் ஒரே கதையை ஒன்பதாவது முறை திருத்திக்கொண்டிருந்தார். அமர்வு நடக்கிறது, குறிப்பேட்டில் டிக் விழுகிறது, கதை வீட்டைவிட்டு வெளியே போவதே இல்லை. திருத்துவது கையில் இருக்கிறது, அனுப்பினால் பதில் பிறர் கையில். பயந்த மனம் இந்த வேறுபாட்டை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். அனுப்புவதும் அவருடைய வினைதான், பதில்தான் அவருடையதில்லை என்று மறுபடி பிரித்துக்காட்ட வேண்டியிருந்தது. மூன்று வாசிப்பு, வாசகர் குறிகளுக்குப் பின் ஒரு திருத்தம், அத்தோடு கதை பத்து நாளுக்குள் ஏதாவது ஓர் இடத்துக்குப் போயாக வேண்டும் என்று உச்சவரம்பு வைத்தோம். முதல் தடவை அவர் அதை மீறினார். இரண்டாம் தடவை அனுப்பினார். திரும்பி வந்தது. அடுத்த இதழுக்கு அதே வாரம் போனது.

எரிச்சலும் முழுக்கப் போய்விடவில்லை. தெரிந்தவர் ஒருவர் குறும்பட்டியலில் வந்த வாரம் ஓர் அமர்வு முழுக்க வீணானது. அதைத் தவறாகக் கணக்கில் எழுதவில்லை. 90 நிமிடம் உட்கார்ந்திருந்தார், அது போதும்.

ஏழு மாத முடிவில் பாதியில் நின்ற ஆறில் நான்கு முடிந்தன, ஒன்றைக் கைவிட்டார், ஒன்று குறுநாவலாக நீள்கிறது. முடிந்த நான்கில் இரண்டு அச்சேறின. பாம் ஷெல்டரின் 140 பிரதியைப் பொறுத்தவரை, கதவு மூடிய அறையில் ஈரம் தங்கி அடி வரிசையில் 11 பிரதியின் ஓரம் புள்ளி விழுந்துவிட்டது. மற்றவை ஹாலில் திறந்த அலமாரிக்கு வந்தன. இரண்டாம் தொகுப்புக்கு 150 பிரதி மட்டும் டிஜிட்டல் அச்சில் போடுவது என்று முடிவாகியிருக்கிறது. பிரதிக்கு விலை கூடும், பெட்டி மிஞ்சாது. சோதனைப் பக்கம் மூன்று அச்சகங்களுக்குப் போயிருக்கிறது. இரண்டிலிருந்து பிடிஎஃப் வந்துவிட்டது, அதில் ஒன்றில் கௌரியின் ளகரம் இன்னும் தனியாக நிற்கிறது.